கலை ஏலமும் கண்ணறிவும்: ‘தி பெஸ்ட் ஆஃபர்’ திரைப்படம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஓவியம் ஒன்றன் விலை அவ்வோவியத்திலேயே முழுதும் அமைந்து கிடப்பதன்று. அதனை இயற்றியவர் இன்னார் என்று துணிந்துரைக்கும் ஒருவருடைய சொல்லிலும் அது தங்கியுள்ளது. பலகையும் வண்ணமும் மாறாதிருக்க, பேரோவியர் கைப்பட்டது என்று அறிந்தோர் ஒருவர் கூறின் அது பெருஞ்செல்வமாகிறது. பின்வந்தோர் பார்த்தெழுதியது என்று கூறின் சுவரை மறைக்கும் பொருளாகிறது. எனவே, கலை ஏலம் என்பது புறத்தே பொருள்விற்பனையாகத் தோன்றினும், அகத்தே ஒருவரது அறிவின்மீது பிறர் வைத்த நம்பிக்கையின் விற்பனை எனலாம். அந்நம்பிக்கை எங்ஙனம் உண்டாயிற்று, எவ்விடத்து உடைகின்றது என்பவற்றை, இத்தாலிய இயக்குநர் ஜியுசெப்பே டோர்னடோரே ஆக்கிய ‘தி பெஸ்ட் ஆஃபர்’ என்னும் உளவியல் மருட்கைப் படத்தை முன்னிறுத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இப்படம் 2013ஆம் ஆண்டு வெளிவந்தது. இத்தாலிய நாட்டின் தாவீத் தி தொனத்தெல்லோ விருதுகளுள் அவ்வாண்டின் சிறந்த படத்திற்குரியதையும் பெற்றது. ஆங்கிலத்தில் அமைந்த இதற்கு என்னியோ மோரிக்கோனே இசையமைத்துள்ளார்.

1. ஏலத்தின் பழமை

ஏலமுறை மிகப் பழையது. உரோமர் போர்க்களத்தில் கொண்ட பொருள்களை விற்குமிடத்து ஈட்டி ஒன்றை நட்டு, அதன்கீழ் விற்றனர். ஈட்டியைக் குறித்த ‘அஸ்தா’ என்னும் இலத்தீன் சொல்லே இன்றும் இத்தாலிய மொழியில் ஏலத்திற்குப் பெயராக நிற்கின்றது. கி. பி. 193இல் உரோமைக் காவற்படையினர் தம் பேரரசனைக் கொன்று அரியணையையே ஏலத்திற்கு விட்டனர் என்பதும், அதனை எடுத்த திதியஸ் ஜூலியானஸ் இரண்டு திங்கள் அளவே ஆண்டு மாண்டான் என்பதும் வரலாறு. தமிழில் வழங்கும் ‘ஏலம்’ என்னும் சொல்லும் கடல்வழி வந்ததே; போர்த்துகீசியரின் ‘லெய்லாவ்ங்’ என்பதன் திரிபு அது என்பர்.

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மெழுகுதிரி ஏலம் வழக்கிலிருந்தது. சிறு திரியொன்றைக் கொளுத்தி, அஃது அவியுமுன் இறுதியாகக் கேட்டவர்க்கே பொருள் என்பது விதி. சாமுவேல் பெப்பீஸ் தம் நாட்குறிப்பில், 1662ஆம் ஆண்டு கப்பல்கள் இங்ஙனம் விற்கப்பட்டபோது, ஒருவர் மட்டும் ஏனையோரினும் திறம்படக் கேட்டு வென்றதைப் பதிவு செய்துள்ளார். திரி அவியும் நொடியில் புகை கீழ்நோக்கி இறங்கும் என்பதை அவர் கண்டு வைத்திருந்தார். பிறர் காணாத நுண்குறியைக் கண்டவனே ஏலக்களத்தில் வெல்வான் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

1674இல் ஸ்டாக்ஹோம் நகரிலும், 1744இல் சாமுவேல் பேக்கர் என்பவரால் இலண்டனிலும் ஏல நிலையங்கள் தோன்றின. பின்னது, பிற்காலத்தில் சாத்பீஸ் என்னும் பெயர் பெற்றது. அதன் முதல் ஏலம் நூல்களின் ஏலமே. 1766இல் ஜேம்ஸ் கிறிஸ்டி தம் நிலையத்தைத் தொடங்கினார். இவற்றின் விற்பனைப் பட்டியல்கள் வளர வளர, ஆசிரியரைச் சுட்டும் தொடர்கள் ஒரு படிமுறை பெற்றன. இன்னார் இயற்றியது, இன்னாருடையதாகக் கருதப்படுவது, இன்னார் பட்டறையில் இயன்றது, இன்னார் வட்டத்தைச் சேர்ந்தது, இன்னாரைப் பின்பற்றியோர் செய்தது, இன்னார் நெறியில் அமைந்தது, இன்னாரைப் பார்த்தெழுதியது என்பன அப்படிகள். ஒவ்வொரு படி இறங்குந்தோறும் விலையும் இறங்கும். இப்படிகளில் ஒன்றை மாற்றி எழுதும் உரிமை உடையவன் பூட்டுடைக்காமலே களவு செய்ய வல்லவனாகிறான். நாம் எடுத்துக்கொண்ட படத்தின் கதை இவ்விடத்திலேயே தொடங்குகிறது.

2. கதையமைப்பு

வெர்ஜில் ஓல்ட்மன் ஐரோப்பாவெங்கும் பெயர்பெற்ற ஏலத்தலைவர். தாய்தந்தையரின்றி ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தவர். கையுறை அணியாது எதனையும் தொடார், தனியே உண்பார், பெண்டிருடன் பழகியறியார். ஆயினும் அவர் இல்லத்தின் மறைவறை ஒன்றில், பல நூற்றாண்டுகளைச் சேர்ந்த பெண்களின் ஓவியங்கள் சுவர்முழுதும் நிறைந்து அவரை நோக்கிக்கொண்டிருக்கின்றன. அவை நேரிய வழியில் வந்தனவல்ல. அரிய ஓவியத்தைத் தாழ்ந்த படியில் வைத்துப் பட்டியலிடுவார். பில்லி என்னும் நண்பர் கூட்டத்தில் அமர்ந்து குறைந்த விலைக்குக் கேட்டெடுப்பார். பின்னர் அது மறைவறையை அடையும். அப்பில்லி ஓவியராக விரும்பியவர். அவரிடம் ஓவியர்க்குரிய உள்ளொளி இல்லையென்று முடிவு கூறியவரும் ஓல்ட்மனே.

ஒருநாள் கிளேர் என்னும் இளம்பெண் தன் பெற்றோரின் மாளிகைப் பொருள்களை மதிப்பிட வேண்டுமென அழைக்கிறாள். அவள் வெளியிடங்களுக்கு அஞ்சும் நோயுடையவள். ஓவியம் தீட்டிய சுவரொன்றன் பின்னுள்ள அறையிலிருந்து குரலால் மட்டும் பேசுகிறாள். மாளிகையின் நிலவறையில் பற்சக்கரங்கள் சில கிடைக்கின்றன. அவற்றைக் கருவிகள் பழுதுபார்க்கும் ராபர்ட் என்னும் இளைஞனிடம் ஓல்ட்மன் கொடுக்கிறார். அவை பதினெட்டாம் நூற்றாண்டின் தானியங்கு பாவை ஒன்றன் உறுப்புகள் என்று தோன்றுகிறது. பாவை சிறிது சிறிதாக உருப்பெற, ஓல்ட்மனின் காதலும் உருப்பெறுகிறது. கையுறை கழல்கிறது, மறைவறையும் அவளுக்குத் திறக்கிறது. இறுதி ஏலத்தை நடத்திவிட்டு இல்லம் திரும்பும்போது சுவர்கள் வெறுமையாக நிற்கின்றன. கிளேர், ராபர்ட், பில்லி மூவரும் ஒருங்கு செய்த சூழ்ச்சி அது. மாளிகையில் சிறப்பற்றதெனத் தாம் ஒதுக்கிய ஓவியம் பில்லி வரைந்தது என்பதும் அப்போதே அவருக்குப் புலனாகிறது.

படத்தின் தொடக்கத்திலேயே ஓல்ட்மன் ஒரு கருத்தைக் கூறுகிறார். போலி செய்வோன் பிறர் கையைப் பின்பற்றும்போதும், தன்னை அறியாமலேனும் அறிந்தேனும் தன்னுடையதாகிய ஒரு சிறுகுறியை அதனுள் விட்டுவிடுவான். ஆதலின் ஒவ்வொரு போலியினுள்ளும் ஒரு மெய் உண்டு என்பது அக்கருத்து. இறுதியில், வெற்றறையில் விடப்பட்ட பாவை ராபர்ட்டின் குரலில் இதே கருத்தை அவருக்குத் திருப்பிக் கூறுகிறது. கதை முழுதும் இவ்விரண்டு கூற்றுக்களுக்கும் இடைப்பட்டதே. இக்கருத்து கதையாசிரியர் புனைந்ததன்று. கலைவரலாற்றில் அதற்கு வேர் உண்டு.

3. நுண்குறி நோக்கும் முறை

ஜியோவான்னி மொரெல்லி (1816–1891) என்னும் இத்தாலியர் ஓவியங்களின் ஆசிரியரை உறுதிசெய்யப் புதுமுறை ஒன்றைக் கண்டார். முகபாவம், நிறச்செறிவு முதலிய சிறப்புக்கூறுகளை மாணவரும் போலியரும் எளிதிற் பின்பற்றுவர். காது மடல், விரல் நகம் போன்ற புறக்கணிக்கப்பட்ட உறுப்புகளில் ஓவியர் தம் கைப்பழக்கத்தை அறியாமலே பதிப்பர். ஆதலின் அவற்றையே நோக்க வேண்டும் என்றார். இக்கட்டுரைகளை அவர் 1874 முதல் 1876 வரை செருமன் மொழியில் வெளியிட்டார். ஆயினும் தம் பெயரை இடவில்லை. இவான் லெர்மொலியேவ் என்னும் உருசியர் எழுதியதாகவே வெளியிட்டார். அப்பெயர் ‘மொரெல்லி’ என்பதன் எழுத்துக்களை மாற்றியமைத்து ஆக்கியது. மெய்யாசிரியரைக் காணும் முறையைக் கற்பித்த நூலே பொய்யாசிரியர் பெயரைச் சூடி வந்தது வியப்பிற்குரியது.

உளப்பகுப்பாய்வின் தந்தையாகிய சிக்மண்ட் பிராய்டு, மைக்கேலாஞ்சலோவின் மோசே சிலை பற்றி 1914இல் எழுதிய கட்டுரையில், மொரெல்லியின் முறை தம் மருத்துவ முறையோடு நெருங்கிய உறவுடையது என்று ஒப்புக்கொண்டார். மறைந்து கிடப்பதை, யாரும் பொருட்படுத்தாத சிறுசெய்திகளின் வழியே உய்த்துணர்வது இரண்டிற்கும் பொது. அக்கட்டுரையும் முதலில் ஆசிரியர் பெயரின்றியே வெளிவந்தது. கார்லோ கின்ஸ்பர்க் என்னும் வரலாற்றாசிரியர் 1979இல் இவ்விருவரையும் கற்பனைத் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸையும் ஒருசேர வைத்து ஆராய்ந்தார். எனவே, உளவியல் மருட்கைப்படம் ஒன்று ஏலக்களத்தைத் தன் நிலைக்களனாகக் கொண்டது தற்செயலானதன்று. ஓவியமறிவானும் உளமறிவானும் ஒரே முறையைக் கையாள்வோர். ஓவியத்தில் இம்முறையைத் தவறின்றிக் கையாண்ட ஒருவர், மனிதரிடத்துக் கையாளத் தவறியதே ஓல்ட்மனின் கதை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைக் கற்றோர்க்கு இவ்விடத்து ஓர் எண்ணம் தோன்றாமற் போகாது. உள்ளத்து நிகழ்ச்சி உடலின்வழிப் புலப்படும் என்பதே மெய்ப்பாட்டுக் கொள்கையின் அடிப்படை. இப்படத்தில் கிளேரின் அச்சமும் அழுகையும் உவகையும் குறைவின்றிப் புலப்படுகின்றன. அவற்றிற்குரிய உள்ளம் உண்டா என்பதே ஐயம். உணர்ச்சிகளும் ஓவியங்களைப் போலவே போலி செய்யத் தக்கன என்று பில்லி ஓரிடத்துக் கூறுவது, நண்பர்க்குத் தந்த எச்சரிக்கையாகவும் அமைகிறது. ஓல்ட்மன் அதனைக் கேட்கிறார், தமக்குரியதாகக் கொள்ளவில்லை.

4. வோக்கன்சனின் வாத்து

நிலவறையிற் கிடைத்த சக்கரங்கள் ஜாக் தெ வோக்கன்சன் செய்த பாவையின் உறுப்புகளாகப் படத்தில் காட்டப்படுகின்றன. வோக்கன்சன் (1709–1782) மெய்யாக வாழ்ந்த பிரெஞ்சு நாட்டுக் கருவியறிஞர். அவர் செய்த குழலூதும் பாவை 1738இல் பாரிசு அறிவியற் கழகத்தின் முன் வைக்கப்பட்டது. மறு ஆண்டில் மக்கள் கண்டது அவருடைய வாத்து. அது சிறகடித்தது, கூலத்தைக் கொத்தி விழுங்கியது, செரித்துக் கழித்தது என்றும் கண்டோர் நம்பினர். 1741இல் அவர் அரசின் பட்டுத் தொழிற்சாலைகளின் கண்காணிப்பாளரானார். அங்கு அவர் செய்த தறி பிற்காலத் தறியமைப்புக்கு வழிகாட்டிற்று.

வாத்தின் செரிமானம் மட்டும் பொய்யாயிற்று. விழுங்கிய கூலம் ஓரிடத்துத் தங்கியது. கழிவோ முன்னரே வேறோரிடத்து வைக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதனைப் பழுதுபார்த்ததாகக் கூறும் மாயவித்தைக் கலைஞர் ரோபேர் ஊதேன் தம் நினைவுக்குறிப்பில் இச்சூழ்ச்சியை வெளியிட்டார். வோக்கன்சன் பொய்யர் மட்டும் ஆகார்; சிறகின் இயக்கமும் குழலின் மூச்சும் மெய்த்திறனே. அம்மெய்த்திறனைக் கண்டு தெளிந்த மக்கள், அத்தெளிவையே செரிமானத்திற்கும் நீட்டினர். போலி வெற்றி பெறும் முறை இதுவே. அது முற்றும் பொய்யாய் வருவதில்லை. ஒன்பது பங்கு மெய்யைக் காட்டிப் பத்தாவது பங்கை நம்பவைக்கும். படத்திலும் மாளிகை மெய், பொருள்கள் மெய், பற்சக்கரங்களைத் தொட்டு ஆராய முடிந்தது. இத்தனை மெய்களுக்கு நடுவே பொய்யாக நின்றவள் ஒருத்தி மட்டுமே. அவளையும் முதலில் காட்டவில்லை, குரலையே கேட்பித்தனர். எஞ்சியவற்றை ஓல்ட்மனின் தனிமையே வரைந்துகொண்டது.

5. பிரேடியஸும் வான் மேகரனும்

இக்கதை மிகைக் கற்பனை என்று கருதுவோர்க்கு 1937ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று விடையளிக்கும். ஆபிரகாம் பிரேடியஸ் (1855–1946) டச்சு ஓவிய ஆராய்ச்சியில் பெரும்புகழ் படைத்தவர். அவர் முன் எம்மாவுஸ் ஊரில் இயேசு அப்பம் பிட்கும் காட்சியைக் கொண்ட ஓவியம் ஒன்று வைக்கப்பட்டது. அது பதினேழாம் நூற்றாண்டின் வெர்மீர் இயற்றியதே என்றும், அவருடைய தலைசிறந்த படைப்பு என்றும் இலண்டனின் ‘பர்லிங்டன்’ இதழில் பிரேடியஸ் பாராட்டி எழுதினார். மறு ஆண்டில் ராட்டர்டாமிலுள்ள பாய்மன்ஸ் அருங்காட்சியகம் அதனைப் பெற்றுக் காட்சிக்கு வைத்தது.

அதனை வரைந்தவர் ஹான் வான் மேகரன். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், நாட்டின் செல்வமாகிய வெர்மீர் ஓவியம் ஒன்றை நாசித் தலைவர் கோரிங் பெறுமாறு விற்றார் என்று 1945இல் அவர் சிறைப்பட்டார். அக்குற்றத்தினின்று தப்ப, அதனையும் எம்மாவுஸ் காட்சியையும் தாமே வரைந்ததாக ஒப்புக்கொண்டார். தம் திறத்தை மெய்ப்பிக்கக் காவலர் கண்முன் மேலும் ஒன்றை வரைந்தும் காட்டினார். 1947இல் ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு இறுதியிலேயே மறைந்தார்.

பிரேடியஸ் அறிவிற் குறைந்தவரல்லர். அவர் ஏமாந்த இடம் வேறு. வெர்மீர் இளமையில் சமயக்காட்சிகளையும் இயற்றினார் என்பதற்கு மார்த்தா, மரியாள் இல்லத்தில் இயேசு இருக்கும் ஓவியம் சான்று. அதனை வெர்மீருடையதென ஏற்றவர்களுள் பிரேடியஸும் ஒருவர். அவ்வோவியத்திற்கும் பிற்கால ஓவியங்களுக்கும் இடையே பெரியதோர் இடைவெளி கிடந்தது. அதனை நிரப்பும் ஓவியம் என்றேனும் கிடைக்கும் என்று ஆராய்ச்சியாளர் எதிர்நோக்கினர். வான் மேகரன் அவ்வெதிர்நோக்கையே வரைந்து கொடுத்தார். எண்பத்திரண்டு வயது முதியவர் தம் வாழ்நாட்கொள்கை கண்முன் உருவெடுத்து வந்ததைக் கண்டார். ஐயுறும் ஆற்றலை இழந்தார்.

இந்நிகழ்ச்சியையும் படத்தையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஒரு முடிவு பிறக்கிறது. போலி செய்வோன் முதற்கண் கற்பது பழைய ஓவியரின் கையை என்று நாம் எண்ணுகிறோம். அதற்கு முன்னரே அவன் கற்பது ஒன்று உண்டு. அது, தன் போலியை ஆராயப்போகும் அறிஞரின் வேட்கை. பில்லி பல ஆண்டுகள் மறைவறைக்கு ஓவியம் சேர்த்துக் கொடுத்தவர். எத்தகைய முகங்களை ஓல்ட்மன் விரும்பினார், மனிதரைத் தொட அஞ்சியவர் எதனைத் தொட ஏங்கினார் என்பவற்றை அவர் அறிவார். அவ்வறிவிலிருந்தே கிளேர் படைக்கப்பட்டாள். ஓல்ட்மனைப் போலவே அவளும் உலகுக்கு அஞ்சி ஒதுங்கியவள். உள்ளொளி இல்லாதவர் எனப்பட்ட பில்லியின் தலைசிறந்த படைப்பு அவளே.

6. ஆவணத்தின் நிலை

கண்ணறிவு தவறக்கூடுமாயின், ஆவணத்தை நம்பலாமே என்று வினவலாம். ஓவியம் யார்யார் கையிலிருந்து வந்தது என்னும் உடைமை வரலாற்றை ஏல நிலையங்கள் கேட்பதன் கருத்தும் அதுவே. ஆயின் ஜான் ட்ரூ என்பவர் அதற்கும் வழி கண்டார். ஜான் மயட் என்னும் ஓவியர் வரைந்த இருபதாம் நூற்றாண்டுப் போலிகளைப் பெற்று, இலண்டன் டேட் கலைக்கூடம் முதலியவற்றின் ஆவணக்காப்பகங்களுள் ஆராய்ச்சியாளர்போலப் புகுந்து, பழைய கோப்புகளிலேயே பொய்ச்சான்றுகளைச் செருகினார். ஐயுற்றவர் காப்பகத்தை நாடினர். காப்பகமோ போலிக்குச் சான்று கூறியது. 1999இல் இலண்டன் நீதிமன்றம் இருவரையும் தண்டித்தது. ஓவியத்தைப் போலி செய்தவர் சிலரை ஏமாற்றினார். காப்பகத்தைப் போலி செய்தவரோ இனிவரும் ஆராய்ச்சியாளர் அனைவர்க்கும் தீங்கிழைத்தார்.

இத்தீங்கு தமிழகத்தையும் தீண்டாமல் விடவில்லை. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலின் கூத்தப்பெருமான் செப்புத்திருமேனியை ஆத்திரேலிய நாட்டுத் தேசிய கலைக்கூடம் 2008இல் நியூயார்க்கு வணிகர் ஒருவரிடம் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. இஃது ஏலவழி அமைந்ததன்று. எனினும் நம்பிக்கை விற்கப்பட்ட முறை ஒன்றே. தொல்பொருட் காப்புச் சட்டம் தோன்றிய 1972ஆம் ஆண்டிற்கு முன்னரே அது நாட்டைவிட்டு நீங்கியதாகத் தாள்கள் கூறின. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1994இல் எடுத்த ஒளிப்படமோ திருமேனி அவ்வாண்டிலும் கோயிலிலேயே இருந்ததைக் காட்டியது. 2014இல் அது திரும்பி வந்தது. விற்பனைக்கென எழுதிய தாள் பொய்த்தது. விற்பனை நோக்கமே இல்லாத ஓர் ஒளிப்படம் மெய் கூறியது. எவரையும் நம்பவைக்கும் நோக்கமின்றி நிற்கும் சிறுசான்றே வலிமையுடையது என்னும் மொரெல்லியின் கொள்கை, காது மடலிலிருந்து கோயில் மண்டபம்வரை நீள்வதை நாம் காண்கிறோம்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. கலை ஏலத்தில் விலைபெறுவது அறிஞரின் சொல்லே என்பது ஒன்று. போலி, மெய்யின் சூழலையும் அறிஞரின் வேட்கையையும் துணையாகக் கொண்டே வருகிறது என்பது மற்றொன்று. தம் வேட்கை இன்னதென்று அறியாத அறிஞர்க்கு நுண்குறி நோக்கும் முறை பயன்படாது என்பது மூன்றாவது.

ஓல்ட்மன் நுண்குறிகளைக் காணாதவரல்லர், காண விரும்பாதவர். மாளிகையின் எதிர்ப்புறத்துச் சிற்றுண்டிச்சாலையில் நாள்தோறும் அமர்ந்திருந்து, வருவோர் போவோரை எண்ணிக் கணக்கிட்ட உருவிற் சிறிய பெண் ஒருத்தி முழுவுண்மையையும் அறிந்திருந்தாள். மாளிகையின் மெய்யுரிமையாளரும், கிளேர் என்னும் பெயருக்கு உரியவளும் அவளே. அவளை ஓல்ட்மன் முன்னரே வினவியிருக்கலாம். ஓவியத்தின் நகத்தையும் காதையும் நோக்கிப் பழகியவர் அருகிலிருந்த அச்சிறு சான்றை நோக்கவில்லை. படத்தின் பெயரும் இப்பொருளைத் தாங்குகிறது. ஏலத்தில் ஒருவர் கேட்கும் மிக உயர்ந்த விலையே ‘சிறந்த கேள்வி’. ஓல்ட்மன் தம்மிடமிருந்த அனைத்தையும் அவ்விலையாக வைத்தார். ஈடாகப் பெற்றது மெய்யா பொய்யா என்பதைப் படம் முடித்துக் கூறவில்லை. பிராகா நகரில், அவள் முன்பு புகழ்ந்த கடிகாரங்கள் நிறைந்த உணவகத்தில் அவர் தனியே அமர்ந்து, ஒருவர் வரவை எதிர்நோக்கியிருப்பதாகக் கூறுவதோடு அது நிற்கிறது. போலியினுள் மெய் உண்டென்னும் தம் கொள்கையை அவர் கைவிடவில்லை. அதுவே அவருக்கு எஞ்சிய செல்வம்.

இலக்கிய வரலாறு பயில்வார்க்கும் இதன்கண் ஒரு பாடம் உண்டு. அகத்தியர் பெயராலும் ஔவையார் பெயராலும் வெவ்வேறு காலத்து நூல்கள் பல நம்மிடை வழங்குகின்றன. ஒரு நூலின் பழமையை வரையறுக்கும்போது, அது பழையதாக இருத்தல் வேண்டும் என்னும் விருப்பமும் நம் அருகில் அமர்ந்து ஏலம் கேட்கின்றது. நாம் விரும்பியதையே ஒரு சான்று கூறுமாயின், விரும்பாததைக் கூறும் சான்றை ஆராய்வதினும் இருமடங்கு கூர்மையோடு அதனை ஆராய்தல் நம் கடனாகும். அவ்வாறு ஆராய்ந்த பின்னும் நிலைபெறும் பழமையே நாம் பிறர்முன் தயக்கமின்றி எடுத்துரைக்கத் தக்கது.